புதிய இளையோர், குடும்ப நீதிமன்றம் கட்டச் சொத்து வரியைக் கூட்டலாமா என்று அமெரிக்காவில் எங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) வாக்கு கேட்கிறார்கள். ஆதரிக்கலாமா?

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. வீடு வாங்கி, குடியுரிமையும் வந்து, முதல் வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2012 ஆகஸ்டில் நான் அப்படித்தான் இருந்தேன்.

சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் அப்போது இதே கேள்விதான். பழைய வளாகம் ஒழுகுகிறது, இடமும் போதவில்லை, புதிதாகக் கட்ட 21 கோடி டாலர் வேண்டும், 9 ஆண்டுகளுக்குக் கூடுதல் வரி கொடுங்கள் என்றார்கள். வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 7 சென்ட். 3,50,000 டாலர் வீடென்றால் ஆண்டுக்கு 24 டாலர் 50 சென்ட். ஒரு வேளை வெளியில் சாப்பிடுகிற காசு என்றார் என் கணவர். நான் அந்தக் கணக்கைக்கூடப் பார்க்கவில்லை. குடும்ப நீதிமன்றம் என்றதுமே பேனாவை எடுத்துவிட்டேன்.

காரணம் என் அக்கா. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் அவளுடைய விவாகரத்து வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா துணைக்குப் போனவள் நான். தாழ்வாரத்தில் ஒரே ஒரு நீளப் பெஞ்ச். ஒரு முனையில் நாங்கள், மறுமுனையில் அத்தானும் அவருடைய அம்மாவும், நடுவில் வேறு ஏதோ வழக்குக்கு வந்த ஒரு பாட்டி. வக்கீல் குனிந்து ரகசியமாகச் சொல்வதெல்லாம் பாட்டிக்கும் கேட்கும், அத்தானுக்கும் கேட்கும். அக்கா மகனுக்கு ஆறு வயது. அப்பாவைப் பார்த்ததும் காலை ஆட்டிக்கொண்டே பெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வான். அக்கா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பாள். மறுபடி நகர்வான். டவாலி பெயரைக் கூப்பிடும்வரை இதுதான். ஒருநாள் அந்தப் பாட்டியே எழுந்து அவனுக்கு வழி விட்டாள். அக்கா அவளோடு சண்டைக்குப் போய்விட்டாள், அத்தனை பேர் முன்னால்.

அந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டுதான் 'ஆம்' என்று நிரப்பி, கைக்காசில் தபால்தலை ஒட்டி அனுப்பினேன். வாக்கெடுப்பு நிறைவேறியது.

நான் படிக்காமல் விட்டது ஒன்று உண்டு. புதிய வளாகத்தில் நீதிமன்றத்தோடு, பிள்ளைகளை அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் பகுதியும் சேர்த்தி. வாக்குச்சீட்டில் 'சிறை' என்ற சொல் கிடையாது. குழந்தைகள், குடும்பங்கள், நீதி என்றுதான் இருந்தது. இளையோருக்குப் புதிய சிறை வேண்டாம் என்று பிறகு ஊர்வலம் கிளம்பியது, வழக்கும் வந்தது. முதலாண்டு வரித் தொகையை அடிப்படையாக வைத்து அடுத்த 8 ஆண்டுகளின் வரியைக் கணக்கிட வாக்குச்சீட்டு வாசகம் இடம் கொடுக்கிறதா என்பது வழக்கு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கவுண்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020இல் நீதிபதி பாட்ரீசியா கிளார்க் பெயரில் கட்டடம் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில், 2025க்குள் தடுப்புக் காவல் பகுதியை வேறு பயனுக்கு மாற்றிவிடுவோம் என்று கவுண்டி நிர்வாகத் தலைவர் டௌ கான்ஸ்டன்டைன் அறிவித்தார். பால் காய்ச்சிய கையோடு பாதி வீட்டை இடிக்கப்போகிறேன் என்பது போல! அந்தக் கெடுவும் வந்தது; பிள்ளைகளை அடைக்கும் பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் தப்பு செய்கிற பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சவா சொல்கிறீர்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? பழைய இடத்தில் 212 படுக்கைகள், புதியதில் 112தான், நீதிமன்ற அறைகள் 7இலிருந்து 10 ஆயின என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைத்தாள் என்று பின்னால் பேச்சு வரக்கூடாது. பெஞ்சுக்கு என்று கொடுத்த காசில் பூட்டும் வாங்கியிருக்கிறார்கள். படிக்காமல் கொடுத்தது என் தப்பு.

நானாவது வாக்குப் போட்டேன். இருபது ஆண்டுகளாகக் குடியுரிமை வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் வீடு தேடி வரும் வாக்குச்சீட்டைப் பீட்சா விளம்பரத் தாளோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள். தமிழ்நாட்டுத் தேர்தல் என்றால் மட்டும் விடிய விடிய வாட்ஸ்அப்பில் சண்டை. உள்ளூர் வாக்கெல்லாம் நமக்கு எதற்கு என்று பொங்கல் விழாவில் என்னிடம் சொன்னவர்தான், சொத்து வரி ஏறிவிட்டது என்று சாப்பாட்டு வரிசையில் அரைமணி நேரம் புலம்பினார். சாம்பார் ஆறிவிட்டது.

சரி, உங்கள் விஷயம். வாக்குச்சீட்டில் இருக்கும் நான்கு வரியோடு நிற்காமல் கவுண்டி கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானத்தை முழுதாக எடுத்துப் படியுங்கள். எத்தனை படுக்கைகள், எத்தனை நீதிமன்ற அறைகள் என்று பாருங்கள். எதிரெதிர்த் தரப்புக் குடும்பங்கள் தனித்தனியே உட்கார இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், இத்தனைக்குப் பிறகும் நான் 'ஆம்' என்றுதான் போடுவேன்.

அக்கா மகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இதை எழுதுமுன் அந்தப் பெஞ்ச் ஞாபகம் இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். பெஞ்ச் ஞாபகம் இல்லை சித்தி, எழுந்து வழி விட்ட பாட்டியைத்தான் ஞாபகம் இருக்கிறது என்றான்.