சிரட்டைத் தணலும் ரொறன்ரோப் பனிப்புயலும்

உரும்பிராயிலிருந்து 64 வயதுத் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு மாசியில் இரண்டாவது பிள்ளைப்பேறு. தை முதல் கிழமையில் நானும் கணவரும் ரொறன்ரோ போகிறோம். அவருக்கு 69 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. சென்ற முறை பனிப்புயலில் கார் முழுவதும் மூடுண்டு கிடந்த படத்தை மருமகன் அனுப்பினார். பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. அங்கே மின்சாரம் நின்றால் என்ன செய்வது? பனி அள்ளி மருமகனுக்கு உதவப்போவதாக இவர் சொல்கிறார், விடலாமா? இங்கிருந்து என்னென்ன கொண்டுபோக வேண்டும்?"

அம்மா, முதலில் நன்றாக நித்திரை கொள்ளுங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் 28 ஆண்டுகள் வீட்டு வெப்பமூட்டிகளைப் பழுதுபார்த்தவன் சொல்கிறேன்: பனி கொட்டும் நேரத்தில் வீட்டுக்குள் இருப்பவருக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. அது நம் ஊர்ப் புயலைப் போல ஓட்டைப் பிடுங்காது, வேலியைச் சாய்க்காது, மலகூடக் குழியையும் கிணற்றையும் ஒன்றாக்காது. பல நாள்களில் சத்தம்கூட இருக்காது. யன்னலருகே தேநீரோடு இருந்து பார்க்கலாம், அழகாகவே இருக்கும்.

தொல்லை தொடங்குவது கொட்டி முடிந்த பிறகு. அதிலும் நம்மவர்களைப் படுத்துபவை, வாழ்நாள் முழுவதும் நல்லதென்று செய்துவந்த இரண்டு பழக்கங்கள். விடிந்ததும் முற்றம் கூட்டுவது ஒன்று. கூதல் அடித்தால் நெருப்பு மூட்டுவது மற்றது.

முதலாவது உங்கள் கணவரைப் பற்றியது. பனி பஞ்சுபோலத் தெரியும். ஆனால் புதிதாக விழுந்த பனி 10 சென்ரிமீற்றர் நின்றால், ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 10 கிலோ பாரம் இருக்கும். ஈரப்பனி என்றால் இன்னும் கூட. ஒன்ராறியோவின் தென்பகுதியில் 12 மணி நேரத்தில் 15 சென்ரிமீற்றர் விழும் என்றால்தான் எச்சரிக்கையே விடுவார்கள். நல்ல புயலில் 20, 30 சாதாரணம். கார் நிறுத்தும் தரை 5 மீற்றருக்கு 10 மீற்றர், பனி 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: 1,000 கிலோ. அதாவது 20 சீமெந்துப் பை. ஐயாவிடம், "உரும்பிராய்ச் சந்தியில் 20 சீமெந்துப் பையைக் காலைச் சாப்பாட்டுக்கு முன் இறக்கித் தருகிறீர்களா?" என்று கேட்டுப்பாருங்கள். தும்புத்தடி பிடிப்பதும் சவள் பிடிப்பதும் ஒன்றல்ல என்பது அவருக்கே விளங்கும்.

பாரம் மட்டும் என்றால் பரவாயில்லை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சவளைத் தூக்கும்போது நம்மை அறியாமலே மூச்சை அடக்குகிறோம். அது இன்னும் ஏற்றுகிறது. எல்லாம் அள்ளி முடித்து நிமிரும் நேரத்தில், வீதியைத் துப்புரவாக்கும் நகரசபை வாகனம் வந்து, வீதிப் பனியைப் படலைக்கு நேரே ஒரு வரம்பாகக் கட்டிவிட்டுப் போகும். சகதியும் உப்பும் கலந்து இறுகிய அந்த வரம்புதான் மிகப் பாரமானது. ஆளும் களைத்திருக்கும் வேளை அது. ஒவ்வொரு பெரும் பனிக்குப் பிறகும் அந்த ஊரில் மாரடைப்புச் செய்தி வராமல் இருந்ததில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு நோகாமலேகூட மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சு முட்டல், வியர்வை, காரணமில்லாத களைப்பு மட்டும் தெரியும். அப்படித் தெரிந்தால் "கொஞ்சம் படுத்துப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது, அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும்.

ஆகவே விட வேண்டாம். மருமகன் அள்ளட்டும், அவரும் தூக்கி எறியாமல் தள்ளிக்கொண்டே போகட்டும், கொட்டி முடியும்வரை காத்திராமல் இடையிடையே அள்ளட்டும். ஐயாவுக்கு உப்புத் தூவும் வேலையைக் கொடுங்கள். அள்ளிய தரையில் படிகளுக்கு ஒரு கைப்பிடி போதும். உப்பு நீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதால் மீதிப் பனி இளகும். சாதாரண உப்பு மறை 10 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அன்றைக்கு மணல் தூவுவதே மேல். ஆனையிறவு உப்பைக் கறியில் அளந்து போட்டவருக்கு, அங்கே வீதி வீதியாக லொறியில் கொட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்காது. எனக்கும் முதல் ஆண்டு பொறுக்கவில்லை.

இனி நெருப்பு. இதை நிதானமாக வாசியுங்கள். நீங்கள் போவது பிள்ளைப்பேறு பார்க்க.

1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மின்சாரமில்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாம். மின்வெட்டு நமக்கு ஒரு பொருட்டா என்று தோன்றும். அங்கே பொருட்டுத்தான். மகள் வீட்டில் சூடு தரும் ஃபர்னஸ் எரிவாயுவில் எரியும், ஆனால் சூட்டை வீடெங்கும் ஊதுவது மின்விசிறி. மின்சாரம் நின்றால் விளக்கோடு சூடும் நிற்கும். அடுப்பும் பெரும்பாலும் மின் அடுப்பு.

வெண்பனி மின்கம்பியை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. சாய்ப்பது உறைமழை: மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறைவது. 1998 ஜனவரியில் மொன்றியல் பக்கமும் ஒன்ராறியோவின் கிழக்கிலும் அப்படிப் பெய்து, 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருட்டில் இருந்தார்கள், சிலர் வாரக்கணக்கில். ரொறன்ரோவில் 2013 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்து சுமார் 3 இலட்சம் இணைப்புகள் நின்றன. நத்தார் தாண்டியும் சில வீதிகளுக்கு மின்சாரம் வரவில்லை.

அந்தக் கிழமை நம்மவர் வீடொன்றுக்குப் போனேன். கராஜ் கதவை அரைவாசி திறந்துவைத்து, உள்ளே கரி அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வீட்டில் ஐந்து பேருக்கும் தலையிடி, ஓங்காளம். காய்ச்சல் தொற்றிவிட்டது என்று ஆளுக்கு இரண்டு பனடோல் போட்டிருந்தார்கள். எல்லோரையும் குளிரில் வெளியே கொண்டுவந்து நிறுத்தியதும் பிள்ளைகளுக்குத் தலையிடி குறையத் தொடங்கியது. அதுதான் அடையாளம்: ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வரும், வெளியே வந்தால் குறையும். அன்று தீயணைப்புப் படையை அழைத்தோம்.

நம் ஊர் வீட்டில் ஓட்டிடுக்கால், யன்னலால், கதவு நிலைக்கு மேலால் காற்று போய்வந்துகொண்டே இருக்கும். அங்கே சூடு போகாமல் இருக்க வீட்டைப் போத்தல் போல அடைத்திருப்பார்கள். அதற்குள் தணல் எரிந்தால் போதிய ஒட்சிசன் கிடைக்காமல் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். "புகையில்லாத நல்ல தணல்" என்று நாம் தேர்ந்தெடுப்போமே, அந்தத் தணல்தான் இதை நன்றாகத் தரும்.

இப்போது உங்கள் பயணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிரட்டைக் கரியும் சாம்பிராணியும் வைத்திருக்கிறீர்களா? பிள்ளையை முழுகவார்த்துச் சாம்பிராணிப் புகை காட்டாமல் விடுவதா என்று கேட்பீர்கள். அம்மா, அடைத்த அறையில், நித்திரை கொள்ளும் பச்சைப் பிள்ளைக்கும் தாய்க்கும் பக்கத்தில் தணல் வைப்பது புயல் இல்லாத நாளிலும் கூடாது. கரியை உரும்பிராயிலேயே விட்டுவிடுங்கள். தலை துவட்டச் சூடான துவாய் போதும். வேது பிடிப்பதற்கு வெந்நீர் ஆவி தாராளம், அதில் பிழையில்லை. 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு ஐயர் வந்தால் ஓமத்தை எங்கே, எப்படி என்று மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். கற்பூரம் கொளுத்தினாலே கூரையில் இருக்கும் புகைக் கருவி கத்தும். சிலர் பூசைக்காக அதன் பற்றரியைக் கழற்றிவைத்து மறந்துவிடுவார்கள். கழற்ற வேண்டாம். நீங்கள் போய் இறங்கும் கிழமையே தைப்பொங்கலும் வரும். முற்றத்தில் குளிர் என்று கராஜுக்குள் பானை வைப்பார்கள். கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் அது சரியான இடமல்ல. வெளியே வையுங்கள், அல்லது குசினி அடுப்பில் பொங்குங்கள். சூரியன் கோபிக்கமாட்டார், அந்த மாதத்தில் அவரே அதிகம் வருவதில்லை.

போனதும் மருமகனிடம் மூன்று கேளுங்கள். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எரிவாயு எரியும் வீடுகளுக்கு ஒன்ராறியோவில் 2014 முதல் அது சட்டம். ஃபர்னஸின் புகைக்குழாய் வீட்டுப் பக்கச் சுவரில் எங்கே வெளியேறுகிறது? வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயாக, பல வீடுகளில் முழங்கால் உயரத்தில் இருக்கும். காற்றடித்துக் குவிந்த பனி அதை மூடிவிடும். அள்ளும்போது முதலில் அதைச் சுற்றித்தான் அள்ள வேண்டும், காரைச் சுற்றி அல்ல. காரின் புகைக்குழாயும் அப்படியே. அது மூடியிருக்க எஞ்சினை ஓடவிட்டு உள்ளே பிள்ளையை இருத்தக் கூடாது. மூன்றாவது, வீட்டுக்கு வரும் தண்ணீரின் பிரதான வால்வு எங்கே? தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 வீதம் விரியும், குழாய் வெடிக்கும். சூடு நின்ற இரவில் குழாயை நூல்போல ஒழுக விடுங்கள், தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம் போனால் செய்ய வேண்டியது சுருக்கம்தான். எல்லோரும் ஓர் அறைக்குள் சேர்ந்து கதவை அடைத்து, யன்னலுக்குப் போர்வை கட்டுங்கள். அடைத்த வீடு சில மணி நேரம் சூட்டை வைத்திருக்கும். பிள்ளைக்குத் தொப்பியும் இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளும். தாயின் உடம்போடு அணைத்து வைத்திருப்பதே நல்ல சூடு. பாரமான போர்வையால் சிசுவை மூட வேண்டாம். ஐஸ் பெட்டியைத் திறக்காமல் விட்டால் குளிர்ப்பகுதி நான்கு மணி நேரம், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் தாங்கும். இரவு வரை மின்சாரம் வராவிட்டால், வீதி திறந்திருக்கும்போதே மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. வீம்புக்கு இருக்க வேண்டாம்.

நடை பற்றிக் கேட்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டீர்கள். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, தார் வீதியில் ஈரம் போலத் தெரியும். அது ஈரமல்ல, கண்ணாடி. தாரா நடப்பதுபோலக் காலை அகட்டி, சிறு சிறு அடியாக, பாதத்தை முழுதாக ஊன்றி நடவுங்கள். கையைச் சட்டைப் பைக்குள் வைக்க வேண்டாம். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் இன்னொரு சோடி மேசு கொண்டுபோங்கள்; சப்பாத்தைக் கழற்றும் இடத்தில் தேங்கிய பனிநீரில் நனைந்த மேசோடு திரும்பி வருவது பெரிய வேதனை.

ஐயாவின் கால் கவனம். நீரிழிவால் உணர்வு குறைந்த பாதம் குளிரில் விறைத்தாலும் தெரியாது, சூட்டில் வெந்தாலும் தெரியாது. வெந்நீர்ப் பையைக் காலில் வைக்க வேண்டாம். ஒவ்வோர் இரவும் நீங்களே விரல் விரலாகப் பாருங்கள். இன்சுலின் போடுகிறார் என்றால் அதைக் கைப்பையில் மட்டும் கொண்டுபோங்கள். உறைந்த இன்சுலின் உதவாது. காரிலும் விட்டுவிடக் கூடாது. வருகையாளருக்கு அரச மருத்துவக் காப்புறுதி இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு மலைக்க வைக்கும். காப்புறுதி எடுக்கும்போது இருக்கும் வருத்தங்களை மறைக்காமல் சொல்லி எடுங்கள்.

சாமான் பற்றி. ஸ்காபரோவில் நம்மவர் கடைகளில் முருங்கைக்காய் முதல் பனங்கட்டி வரை எல்லாம் உண்டு, சுமந்துபோக வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு கிலோ புழுக்கொடியலும் ஒரு பொட்டலம் பருத்தித்துறை வடையும் வையுங்கள். அடுப்பில்லாத நாளில் அவற்றை மிஞ்ச எதுவுமில்லை. சுங்கத்தில் உணவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நல்லெண்ணெய் ஒரு போத்தல்: வெப்பமூட்டிய காற்று தோலை வெடிக்க வைக்கும், மூக்கில் இரத்தம்கூட வரும்.

குளிரங்கியை இங்கே வாங்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தை விடியலில் 21, 22 டிகிரிக்கே நாம் மப்ளர் சுற்றுகிறோம். அந்த அளவுக்குத்தான் இங்கே விற்கும் அங்கிகளும். அங்கே மறை 15, 20 வரும். மகளிடம் இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருமகன் அவற்றை விமான நிலையத்துக்கு உள்ளேயே கையில் கொண்டுவரட்டும். "காரில் இருக்கிறது, மாமி" என்பார். கார் நிற்கும் இடம் பத்து நிமிட நடை.