நவீன சமூகத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை சரிந்துவருகிறதா?

மேற்கைக் கேட்கிறீர்கள் என்றால், ஆம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011இல் 59.3 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றார்கள், 2021இல் 46.2. ஜெர்மனியில் 2022இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள். அங்கே உறுப்பினராக இருந்தால் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பார்கள். நம்பாதவன் எதற்குத் தண்டம் அழ வேண்டும்? அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, முடிந்தது கதை.

நான் இராமேஸ்வரம் தீவுக்காரன். கத்தோலிக்க மீனவக் குடும்பம். எங்கள் கரையில் இந்தத் தலைக்கணக்கு எடுபடாது.

ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கம் பல நேரம் வெறிச்சோடித்தான் கிடக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் விசுவாசம் போயிற்று என்று முடிவு கட்டிவிடுவார். இங்கே விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை பிடிக்கும். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது எங்கள் ஆட்கள் இறாலைத் தரம் பிரித்து, வியாபாரியோடு எடைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அதே ஆட்கள்தான் புனித அந்தோணியாரைக் கூப்பிடாமல் படகை எடுக்கமாட்டார்கள். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க முந்துவதும் அவர்களே. போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் வெட்டுண்ட ஓரியூருக்குப் போனால் நேர்ச்சையோடு வரும் இந்துக்களையும் பார்க்கலாம். அவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

நிஜமாகவே நம்பிக்கை விட்டுப்போனவர்களும் உண்டு. படித்து, சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன என் வயதுக்காரர்களில் சிலர் கடவுளே இல்லை என்று டீக்கடையில் வெளிப்படையாகச் சொல்வார்கள். ஆனால் திருவிழா வரியைத் தவறாமல் கட்டிவிடுவார்கள். கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசித்தாக வேண்டும். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். ஊரை விட்டு விலகாமல் கோயிலை மட்டும் விட்டு விலக இங்கே வழியில்லை. அதனால் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தின்) குடும்ப எண்ணிக்கை அப்படியே நிற்கும்.

சரிவு தெரிய வேண்டுமானால் வீட்டுக்குள் பாருங்கள். முன்பெல்லாம் அந்தி மணி அடித்ததும் பாட்டி ஜெபமாலையை எடுப்பார். பிள்ளைகள் தூங்கி விழுந்தாவது பதில் மந்திரம் சொல்வோம். இன்று பல வீடுகளில் அது தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரம். திருவிழா மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது: வாணவேடிக்கை, மின்விளக்கு, ஒலிபெருக்கி. அந்தச் செலவில் கால்வாசியை மறைக்கல்விக்கு, பிள்ளைகளுக்கு விசுவாசம் சொல்லித்தரும் வகுப்புக்கு, கொடுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.