கரண்டிச் சத்தமும் பூனை வலிப்பும்

கேள்வி: எங்கள் பூனைக்கு 15 வயது. எவர்சில்வர் தட்டில் கரண்டி பட்டாலே வெட்டிவெட்டி இழுக்கிறது. காதோ மந்தம்! எப்படி?
- வாசகர், செங்கோட்டை

பதில்: காது மந்தமான கிழட்டுப் பூனைகளிடமும் இது உண்டு. காதிலிருந்து ஏறும் ஒலிச்செய்தி, நடுமூளையின் முதுகுப்பக்கம் உள்ள இரண்டு சிறு மேடுகளில் கூடித்தான் மேலே போகும். அங்கே அடக்கிவைக்கும் ‘காபா’ வேதிப்பொருளின் பிடி தளர்ந்தால் ஒலியே வலிப்பைக் கிளப்பும். எலிகளில் இது நன்றாக நிறுவப்பட்டது. பூனைக்கும் அப்படித்தான் என்பது ஊகமே.

சிரட்டை அகப்பைக்கு மாறுங்கள். சாவிக்கொத்தும் ஆகாது. வலிப்பின்போது வாயருகே கை வேண்டாம். போனில் வீடியோ எடுங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வகை வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் மருந்தைவிட லெவெடிரசெட்டம் என்ற மருந்து நன்றாகக் கேட்கிறது. வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அளவை மருத்துவர் சொல்வார், திடீரென நிறுத்தக்கூடாது. மாத்திரையை மட்டும் அடுத்த அறையில் பிதுக்குங்கள். அட்டை சரசரப்பதே போதும், விழுந்துவிடும்!