தள்ளுவண்டி வியாபாரத்துக்குக் கடன் வாங்கினால் உரிமைத்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: தள்ளுவண்டியில் இட்லி, பணியாரம் விற்கிறேன். மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும் ஸ்வநிதி கடன் வாங்கினால் அது நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வண்டிக்காரர். நிஜமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நிற்காது அக்கா. கடன் எப்படி வருமானம் ஆகும்? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், அதுதான் கணக்கு. ஜிஎஸ்டி கட்டி 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு உரிமைத்தொகை கிடையாது. பணியாரச் சட்டிக்கு அந்தக் கவலை எதற்கு?

ஸ்வநிதியில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் 15,000 ஆக்கினார்கள். ஈடு கேட்கக் கூடாது. அதை அடைத்தால் 25,000, அப்புறம் 50,000. தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும்.

வியாபாரி அடையாள அட்டை இல்லையா? மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எங்கள் தெருப் பூக்காரம்மா இது தெரியாமல் ஒரு புரோக்கரிடம் 500 ரூபாய் அழுதார். வாழைநாரைக் கிழித்தபடியே இன்னமும் அவனைத் திட்டுகிறார்! போகும்முன் ஆதாரில் இருக்கும் செல்போன் நம்பர் இப்போதும் உங்களிடம் உள்ளதா என்று பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.