படுக்கையைக் கீழே இறக்குங்கள்

அன்புள்ள அக்கா,

லடாக்கில் உள்ள லேயில் சாலைப் பணியில் இருக்கிறேன், வந்து எட்டு மாதம் ஆகிறது. லே 3,500 மீட்டர் உயரம். மாதத்தில் பாதி நாட்கள் அதற்கும் மேலே, 4,800 மீட்டரில் ஒரு முகாமில் படுக்கை. முன்பெல்லாம் நான் நிதானமான ஆள். இப்போது சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன். போன வாரம் போனில் மனைவியிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக விட்டிருந்த குடியையும், தூக்கம் வரட்டுமே என்று திரும்பத் தொட்டுவிட்டேன். ‘மனசில் திடம் இல்லை’ என்கிறார் மேலதிகாரி. இது மலையின் வேலையா, என் சுபாவமா? மூளை பழையபடி ஆகுமா? திபெத்தியர்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆவதில்லை? மாற்றல் கேட்கலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

‘தூக்கம் வரட்டுமே என்று’ என எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொற்களிலிருந்து என்னால் நகர முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திபெத்தியர்களை விடுங்கள். பல ஆயிரம் வருடம் அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களின் ரத்தத்தில் ஊறிய மரபணு அது. அதில் ஒரு பங்கு டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். எட்டு மாதத்தில் உங்களுக்கு அது வரப்போவதில்லை.

காற்றில் ஆக்ஸிஜன் எங்கே போனாலும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. லேயில் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, உங்கள் முகாமில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜனை அதுவே எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் பிறந்து திபெத்துக்குப் போய் சில வருடம் தங்கியவர்களிடம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனைச் சோதித்து 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு அடையாளம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், இன்னொன்று தெரிந்தால் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சோதனை. சமவெளியிலேயே இருந்தவர்களைப் போலவே அவர்கள் கையும் சரியாகத்தான் நின்றது. மூளை அலைகளில்தான் வித்தியாசம் இருந்தது. ஆகவே மலை உங்களை மிருகமாக்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மலைமேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவும் வேண்டாம்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன்.

பல வருடம் முன்பு ஒரு மலைப்பயணம். 4,900 மீட்டரில் கூடாரம், எனக்குப் பக்கத்தில் என் தோழி. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அவளைப் போல் மென்மையானவள் கிடையாது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். மூச்சு ஆழமாகிக்கொண்டே போகும், பிறகு மெலியும், அப்புறம் நின்றுவிடும். நான் எண்ணுவேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் தண்ணீருக்குள்ளிருந்து எழுபவள் போல ஒரு பெருமூச்சு. அவள் புரளும்போது கூடாரத்துணி ஆடி, உள்ளே உறைந்திருந்த எங்கள் மூச்சுப் பனி என் முகத்தில் உதிரும். மறுபடியும் முதலிலிருந்து. விடியும்வரை இப்படியே.

காலையில் அவளுடைய தூக்கப்பையின் ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தரம் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்து என் மேல் வீசினாள். கூடவே, அப்போதுதான் இறந்துபோயிருந்த என் அம்மாவைப் பற்றி ஒரு சொல். மூன்று வருடம் நான் அவளோடு பேசவில்லை.

இரவெல்லாம் அவள் மூச்சை எண்ணியவள் நான்தான். காலையில் அந்தச் சொல்லைக் கேட்டவளும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நடப்பது இதுதான். ஆக்ஸிஜன் போதாமல் உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. தூக்கத்தில் மூச்சை முக்கியமாகத் தூண்டுவது அந்த வாயுதான். அது குறைந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. ஆக்ஸிஜன் இன்னும் இறங்க, உடல் பதறிக்கொண்டு விழிக்கிறது. இரவு முழுக்க இதே கதை, காலையில் எதுவும் நினைவிருக்காது. நன்றாகத் தூங்கியதாகக்கூடத் தோன்றும். அந்த ஆள்தான் காலையில் எழுந்து ஜிப்பைக் கிழிக்கிறார், போனில் கத்துகிறார்.

உங்கள் மேலதிகாரியின் ‘திடம்’ என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ‘அல்மா’ என்று ஒரு வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 66 பெரிய ஆன்டெனாக்கள், 5,000 மீட்டர் உயரத்தில். அதை இயக்குகிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் தெரியுமா? 2,900 மீட்டரில். கட்டுப்பாட்டு அறையும் அங்கேதான். மேலே உள்ள கட்டிடத்தில் அறைக் காற்றோடு ஆக்ஸிஜன் கலக்கிறார்கள். ஹவாயின் மௌனா கியாவில் தொலைநோக்கிகள் 4,200 மீட்டரில், வானியலாளர்களின் படுக்கை 2,800இல். அறைக் காற்றில் ஆக்ஸிஜனை ஒரு சதவீதம் கூட்டினாலே சுமார் 300 மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் உடலியல் அறிஞர் ஜான் வெஸ்ட். அந்த விஞ்ஞானிகளிடம் யாரும் மனத்திடம் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் தவறாகக் கணக்குப் போட்டால் நஷ்டம் என்று தெரிந்து படுக்கையைக் கீழே போட்டுக் கொடுத்தார்கள். பாறையை வெட்டிச் சாலை போடுகிறவனுக்குத்தான் இந்த உபதேசமெல்லாம். அவன் மூளையும் அதே மூளைதானே? ‘மேலே ஏறு, கீழே தூங்கு’ என்பது மலையேறிகளுக்குப் பாலபாடம். ஒரு முகாமை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

இனி உங்களைத் திட்ட வேண்டும். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? ஏற்கெனவே நின்று நின்று வரும் மூச்சு அது. அதைத் தூண்டிவிடும் ஏற்பாட்டையே மது மந்தமாக்குகிறது. கண் சீக்கிரம் அசரும், தூக்கம் இன்னும் துண்டு துண்டாகும், மறுநாள் இன்னும் அதிகமாகக் கத்துவீர்கள், அன்றிரவும் குடிப்பீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். தூக்க மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே உயரத்து உடம்பை அறிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். இரவில் மூச்சு நிற்கிறதா என்று கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லி, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அசிட்டாசோலமைடு என்ற மருந்து இதைக் குறைக்கும், அது உங்களுக்கு ஒத்துவருமா என்று அவர் சொல்லட்டும். காலையில் தலைவலியும் உதட்டில் கருஞ்சிவப்பும் இருந்தால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். நேராக நடக்க முடியாமல் கால் தடுமாறினால் யாரையும் கேட்காமல் அந்த நிமிடமே கீழே இறங்குங்கள்.

மனைவியிடம் சொன்ன வார்த்தைக்கு மலை பொறுப்பில்லை. அவர் அதைக் கேட்டது சமவெளியில், முழுக் காற்றில். மன்னிப்புக் கேளுங்கள். கேட்கும்போது ஆக்ஸிஜனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அதெல்லாம் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். லேக்கு இறங்கி இரண்டு இரவு தூங்கிய பிறகு, பகலில் கூப்பிடுங்கள்.

மாற்றல் கேட்டிருந்தீர்கள். கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது வர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் முகாமின் படுக்கைகளைக் கீழே, பள்ளத்தாக்குக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உங்களோடு படுத்திருக்கும் மற்றவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இன்றிரவு அவர்கள் தூங்கும்போது கொஞ்ச நேரம் விழித்திருந்து மூச்சைக் கேளுங்கள். என்ன எண்ணிக்கை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.