மறு: கொழிஞ்சாம்பாறையில் வீட்டு டிபிஎன் மையம், எங்கிருந்து தொடங்க?

வணக்கம் டாக்டர். சிறுகுடலில் பெரும்பகுதி எடுத்த நோயாளியை டிபிஎன் (முழு ஊட்டத்தையும் ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது) பையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, அதையொட்டி பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஐந்து படுக்கையில் ஒரு மையம் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

படுக்கை பிறகு. ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுக்க விவரம் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா? பை ஏறும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் வைத்த குழாய்) தொற்று என்றே எண்ணி, ஏற்றுவதை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இது வீட்டாருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும்.

நான் இந்த வேலையில் நர்ஸாக இருந்தவள். எங்கள் மையத்தில் முதலில் சறுக்கியது பயிற்சியில்தான். பயிற்சி அட்டை முழுக்க மலையாளத்தில். வீட்டில் பேசுவதோ தமிழ். கை கழுவுவது, ஹப்பை (லைனின் வெளிமுனை இணைப்பு) ஆல்கஹாலால் 15 வினாடி தேய்த்துக் காயவிடுவது எல்லாவற்றையும் வீட்டாரே நம் கண்முன் செய்து காட்டிய பிறகுதான் டிஸ்சார்ஜ். அந்த லைனில் வேறு மருந்து போகக் கூடாது, வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கும் அதைத் தொடாதீர்கள்.

மாதக்கணக்கில் என்றால் ஹிக்மேன் போன்ற, தோலுக்கடியில் சிறிது தூரம் ஓடவிட்டு வைக்கும் டனல் லைன் நல்லது. பெரும்பாலும் இரவில் 10 முதல் 14 மணி நேரம் ஏற்றுவோம். சர்க்கரை சட்டென இறங்காமலிருக்கக் கடைசி ஒரு மணி நேரம் வேகத்தைக் குறையுங்கள்.

கலவையை நீங்களே தயாரிக்க இப்போதே இறங்காதீர்கள். குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு தனித்தனி அறையில் ஆயத்தமாக வரும் மூன்று அறைப் பை போதும். வைட்டமின், நுண்தாதுக்கள் மட்டும் தனியே சேர்க்க வேண்டும். கலந்த பைக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். பாலக்காட்டு மார்ச் வெயிலில் கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நான் அனுப்பமாட்டேன்.

பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸை (நீண்டநாள் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர்) ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடல் மிச்சம், பெருங்குடல் இருக்கிறதா? எழுதுங்கள்.