கடைவீதி மாறுகிறது, கடையைக் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: பாலக்காடு வலியங்காடி அருகே அப்பா காலத்திலிருந்து வாடகைக் கட்டடத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். ஒரு பக்கம் குழிமந்திக் கடை, மறுபக்கம் கேக் கடை வந்துவிட்டது. மகனுக்கு கஃபே வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார். 11 மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது என்கிறார் பொள்ளாச்சி மைத்துனர். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள். மைத்துனர் சொல்வது தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டம். மாநில எல்லையான வாளையாறைத் தாண்டினால் அதற்கு வேலை இல்லை. உங்களுக்கு 1965-ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் அதில் வெளியேற்ற முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டு கோர்ட்டின் உத்தரவு வேண்டும்.

தன்னை நம்பியிருக்கும் மகனுக்கு உண்மையிலேயே இடம் தேவை என்றால், உரிமையாளர் 11(3) பிரிவில் மனு போடலாம். உங்கள் பலமும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உங்கள் பிழைப்பு பிரதானமாக இந்தக் கடை வருமானத்தில் நடக்கிறது, அந்த வட்டாரத்தில் இந்த வியாபாரத்துக்குத் தோதான வேறு இடம் இல்லை என்றால், காலி செய்ய உத்தரவிடக் கூடாது. ஆனால் இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். நகராட்சி லைசன்ஸ், வரிக் கணக்கு, கொள்முதல் பில், பற்று நோட்டு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். பக்கத்துத் தெருக்களில் இடம் கேட்டுப் பாருங்கள்; எங்கே, எப்போது கேட்டீர்கள், ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதியும் வையுங்கள்.

கஃபே வரட்டும், நல்லதுதான். மாதக் கடைசியில் கடனுக்கு அரிசி கொடுக்கும் கடையும் அந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாடகையை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள், பாக்கி அவருக்குச் சாதகமாகிவிடும். வங்கி வழியாக அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடை முகப்பில் ஜூஸ் ஸ்டால் போட யாராவது நல்ல பணம் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுமதியில்லாத உள்வாடகை, வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம். காரணமில்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் கடையைப் பூட்டிப் போடுவதும் அப்படித்தான்.

நாளைக்கே பேச்சை மாற்றி, இடித்துக் கட்டப் போகிறேன் என்று அவர் சொல்லலாம். அப்போது பிளான், அனுமதி, கட்டி முடிக்கும் வசதி எல்லாவற்றையும் அவர் கோர்ட்டில் காட்டியாக வேண்டும். புதுக் கட்டடத்தில் நியாய வாடகைக்கு இடம் கேட்கும் முதல் உரிமை உங்களுக்குத்தான்.